மூன்று நாட்கள் பையில் இருந்த கடிதம்

நண்பரொருவரின் மகள் அண்மையில் பாரிசிலிருந்து எழுதியிருந்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு முடிந்து கோடை விடுமுறை தொடங்குகிறதாம். தோழிகள் இருவருடன் ஒரு மாதம் ரயிலில் ஐரோப்பிய நகரங்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறாளாம். "பெரியப்பா, நீங்களும் படிக்கிற காலத்தில இப்பிடிச் சுத்தினனீங்கள் எண்டு அப்பா சொன்னவர். எந்தெந்த இடம் கட்டாயம் பாக்க வேணும் எண்டு எழுதி அனுப்புங்கோ" என்று கேட்டிருந்தாள்.

பட்டியல் போடுவது பத்திரிகைக்காரனுக்குக் கைவந்த வேலை. அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் பாரிஸ் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அந்த நகரத்தில் நான் பார்த்தவற்றையும், பார்த்துக்கொண்டிருந்த வேளையில் செய்யத் தவறியதையும் இன்றுவரை எங்கும் எழுதியதில்லை. முதலில் அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

1986 இன் பிற்பகுதியில், கொழும்புப் பத்திரிகையொன்றில் உதவி ஆசிரியராக இருந்த எனக்கு இங்கிலாந்தில் இதழியல் படிப்பதற்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் படிப்பு முடிந்தது. நாடு திரும்புவதற்கான விமானச் சீட்டு ஓகஸ்ட் இறுதிக்கு இருந்தது. இடையில் இரண்டு மாதம். உடன் படித்தவர்கள் எல்லோரும் 'இன்ரர்ரெயில்' அட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். 1972 இல் தொடங்கப்பட்ட திட்டம் அது. ஐரோப்பாவில் ஆறு மாதமாவது வசித்த, 26 வயதுக்குக் குறைந்த எவரும் ஒரு மாத அட்டையை வாங்கிக்கொண்டு இருபதுக்கு மேற்பட்ட நாடுகளின் ரயில்களில் விரும்பியபடி ஏறி இறங்கலாம். எனக்கு 26 ஆவதற்கு இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. மிச்சம் பிடித்து வைத்திருந்த பணத்தை எண்ணிப் பார்த்து, ஒரு நாளைக்குப் பத்துப் பவுண் என்று கணக்குப் போட்டு, அட்டையை வாங்கிவிட்டேன்.

அட்டை வாங்குவது இலகுவாக முடிந்த வேலை. பிரித்தானிய நண்பர்கள் வரைபடத்தை விரித்துப் பென்சிலால் கோடு போட்டுப் பயணத்தைத் தீர்மானித்தார்கள். என்னுடைய கோட்டைத் தூதரகங்கள் போட்டன. 1983 க்குப் பின்னர் எங்கள் கடவுச்சீட்டின் மதிப்பு ஐரோப்பாவில் மளமளவென்று சரிந்தது. பொதுநலவாய நாட்டவருக்கு விசா கேட்பதில்லை என்ற வழக்கத்தைப் பிரித்தானியா முதன்முதலாக முறித்தது 1985 இல், இலங்கையருக்காகத்தான். பிரான்ஸ் 1986 செப்ரெம்பரில், பாரிசில் நடந்த குண்டுவெடிப்புகளையடுத்து, ஏறக்குறைய எல்லா வெளிநாட்டவருக்கும் விசா விதித்தது. இன்று ஒரே விசாவில் சுற்றிவரும் வசதிக்கான சென்ஜென் உடன்பாடு 1985 இல் கையெழுத்தானது உண்மைதான். அது நடைமுறைக்கு வந்ததோ 1995 இல். ஆகவே ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி வரிசை, தனித்தனிக் கட்டணம். மூன்று வாரம் வரிசைகளில் நின்றதில் பிரான்ஸ், இத்தாலி, ஒஸ்திரியா, மேற்கு ஜேர்மனி என நான்கு முத்திரைகள் கிடைத்தன. ஐந்தாவது நாடு மறுத்துவிட்டது. அதன் பெயர் இப்போது எதற்கு?

பழைய புத்தகக் கடையொன்றில் இரண்டு நூல்களை வாங்கினேன். ஒன்று ஹார்வார்ட் மாணவர்கள் தயாரித்த 'லெற்ஸ் கோ' வழிகாட்டியின் பழைய பதிப்பு. மற்றையது தொமஸ் குக் நிறுவனத்தின் சிவப்பு அட்டை போட்ட ரயில் நேர அட்டவணை. கண்டத்தின் ரயில்கள் எல்லாம் அந்த ஒரு நூலுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. எந்த இரவு ரயிலில் ஏறினால் விடியும்போது அடுத்த நகரத்தில் இறங்கலாம் என்று பார்த்துக்கொள்வோம். விடுதிக் காசு மிச்சம். பகலில் பாண், சீஸ், ரின் மீன். மாணவப் பயணியின் பொருளாதாரம் அவ்வளவுதான்.

புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன், எங்கள் ஊரவரான முதியவர் ஒருவர் மகளிடம் வந்திருப்பதாக அறிந்து லண்டனின் புறநகரொன்றுக்குப் போயிருந்தேன். வடமராட்சியிலிருந்து கொழும்புக்கு வந்து, கொழும்பிலிருந்து விமானம் ஏறியவர். நான் பாரிசுக்குப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் உள்ளே போய் ஒரு பொதியையும் கடிதத்தையும் கொண்டுவந்தார். பொதியில் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும். கடிதம் ஒட்டப்பட்டிருந்தது. "எங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் தம்பி, பரிசில நிக்கிறான். தாய் தந்துவிட்டது. தபாலில போட வேண்டாம், விலாசம் மாறிக்கொண்டிருக்குமாம், கையில குடுக்கட்டாம் எண்டு சொன்னவ" என்றார்.

வடமராட்சியில் அப்போது என்ன நடந்திருந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. மே 26 ஆம் திகதி தொடங்கிய 'ஒப்பரேஷன் லிபரேஷன்' இராணுவ நடவடிக்கையைப் பற்றி லண்டன் பத்திரிகைகளில் வந்த ஒவ்வொரு வரியையும் வெட்டி வைத்திருந்தேன். மக்கள் கோயில்களிலும் பாடசாலைகளிலும் தஞ்சம் புகுந்ததும், இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகப் பிடிக்கப்பட்டுக் கப்பலில் தெற்கே பூசா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் தெரியும். ஆனால் என் பெற்றோர் நெடுங்காலமாகக் கொழும்பில் இருந்தார்கள். அவர்களுடன் இரண்டு வாரத்துக்கொரு முறை தொலைபேசியில் பேசிக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே அது எனக்குச் செய்தி. வெட்டி ஒட்டக்கூடிய செய்தி.

யூலை 17, வெள்ளிக்கிழமை. டோவரிலிருந்து கப்பல். அந்த மார்ச் மாதந்தான் சீபுறூக் துறைமுகத்துக்கு வெளியே அதே கால்வாயில் ஓடும் கப்பலொன்று கவிழ்ந்து 193 பேர் மாண்டிருந்தார்கள். முன்கதவு பூட்டப்படாமலே புறப்பட்டதால் நேர்ந்த அனர்த்தம். பயணிகள் பலர் அதைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னேரம் பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்தில் இறங்கினேன். 'கார் து நோர்' என்கிறார்கள். கையிலிருந்த விலாசம் லா சப்பல் பகுதியில் ஒரு தெரு. வரைபடத்தைப் பார்த்தேன். நிலையத்தின் பின்புறமாகப் பத்து நிமிட நடை.

முதலில் விடுதியில் கட்டிலைப் பிடித்துக்கொள்வோம், பிறகு போகலாம் என்று மெற்றோவில் ஏறிவிட்டேன்.

அன்றைய மாலை சேன் நதிக்கரையில் கழிந்தது. கோடைகாலத்தில் பாரிசில் இரவு பத்து மணி அளவிலும் வெளிச்சம் இருக்கும் என்று படித்திருந்தேன். படிப்பது வேறு. ஒவ்வொரு பாலத்திலும் நின்று நின்று நடந்தேன். காசு கேட்காத காட்சி அது. சனிக்கிழமை நோத்ர் டாம் பேராலயம். அதன் முற்றத்தில் தரையில் பதித்த வெண்கலத் தகடொன்று இருக்கிறது. பிரான்சின் வீதித் தூரங்கள் எல்லாம் அந்தப் புள்ளியிலிருந்துதான் அளக்கப்படுகின்றன. அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டேன். 2019 ஏப்ரலில் அந்தப் பேராலயத்தின் கூரை தீப்பற்றி எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது இந்தப் படத்தைத்தான் தேடினேன். 2024 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டார்கள். மாலையில் ஈபிள் கோபுரம். மின்தூக்கிக்குக் கொடுக்க மனம் வராமல் இரண்டாம் தட்டுவரை படிகளில் ஏறினேன். பாதி வழியில் முழங்கால் நடுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஓர்சே அரும்பொருளகம். அது அப்போது திறந்து எட்டு மாதமும் ஆகாத புத்தம் புதிய இடம். 1900 ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட ரயில் நிலையம் அது. மின்சார ரயில்கள் நீண்டுகொண்டே போனதால் அதன் மேடைகள் போதாமற்போய், 1939 இல் தூரப் பயண ரயில்கள் நிறுத்தப்பட்டன. இடித்துவிட இருந்தவர்கள் மனம் மாறி அரும்பொருளகமாக்கினார்கள். தண்டவாளங்கள் ஓடிய இடத்தில் இப்போது சிலைகள் நிற்கின்றன. மேலே அந்தப் பெரிய நிலையக் கடிகாரம் அப்படியே இருக்கிறது. ஒரு மாதம் ரயிலில் அலையப் புறப்பட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான முதற்கோயில் கிடையாது. நான்கு மணி நேரம் உள்ளே நின்றேன்.

கடிதம் எங்கே இருந்தது என்று கேட்பீர்கள். பொதி விடுதியில் கட்டிலின் கீழ். கடிதம் என் தோள்பையில், கடவுச்சீட்டுடன். இளைஞர் விடுதிகளில் காலை பத்து மணிக்கு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். முக்கியமானவற்றைக் கூடவே கொண்டு திரிய வேண்டும். ஆக அந்தக் கடிதமும் என்னுடன் ஈபிள் கோபுரத்தில் ஏறி இறங்கியது.

ஞாயிறு மாலை, இனியும் பிந்தக்கூடாது என்று லா சப்பலுக்குப் போனேன். இன்று அந்தப் பகுதியைக் குட்டி யாழ்ப்பாணம் என்கிறார்கள். அன்று தமிழ்க் கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. விலாசத்தில் இருந்தது ஆறாம் மாடி. மின்தூக்கி இல்லாத கட்டடம். கதவைத் திறந்தவர் ஒருவர், உள்ளே உறங்கியவர்கள் நால்வர். ஒரே அறை. பகல் வேலைக்குப் போகிறவரின் மெத்தையில் இரவு வேலைக்காரர் பகலில் படுப்பார். "அவன் வேலை முடிஞ்சு ஒரு மணிக்குத்தான் வருவான், இருங்கோ அண்ணை" என்று சோறு போட்டுத் தந்தார்கள். இரண்டு நாட்களாகப் பாண் தின்ற வாய்க்கு அந்தப் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் எப்படி இருந்தன என்று எழுதத் தேவையில்லை.

ஒரு மணிக்கு வந்தான். இருபத்தொரு வயது. உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலை; விரல் நுனிகள் ஊறி வெளுத்துப்போயிருந்தன. ஊரின் பெயரைச் சொல்லிக் கடிதத்தை நீட்டினேன். அவன் அதை உடனே பிரிக்கவில்லை. கவரின் மேலிருந்த கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மான்ர எழுத்துத்தான்" என்றான் மற்றவர்களிடம்.

அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. வடமராட்சிக்குத் தொலைபேசி இல்லை. தபால் இல்லை. மே மாதக் கடைசியிலிருந்து தாய் உயிருடன் இருக்கிறாளா என்பதே அவனுக்குத் தெரியாது. அறையில் இருந்தவர்கள் மாறி மாறி லண்டனுக்கும் கொழும்புக்கும் தொலைபேசி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏழு வாரமாக ஒரு தகவலும் இல்லை.

சுவருடன் சாய்ந்து நின்று வாசித்தான். தாயும் தங்கையும் கோயிலில் இருந்து தப்பியிருந்தார்கள். வீட்டின் கூரை போய்விட்டது. தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பூசாவில் இருப்பதாகக் கேள்வி. அங்கே போய்ப் பார்ப்பதற்குக் கொழும்பில் உள்ள மாமனுக்கு உடனே தொலைபேசி எடுத்துச் சொல்லும்படி தாய் எழுதியிருந்தாள். 'உடனே' என்ற சொல்லின் கீழ் கோடு போட்டிருந்தது. கடிதத்தை என்னிடம் தந்தே வாசிக்கச் சொன்னான். ஆகையால் அந்தக் கோட்டை நானும் பார்த்தேன்.

"அண்ணை எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டான்.

"வெள்ளிக்கிழமை" என்றேன்.

வேறொன்றும் கேட்கவில்லை. அவன் கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். அறையிலிருந்த மற்றொருவர்தான், "வெள்ளிக்கிழமையோ?" என்று சொல்லிவிட்டு, பிறகு தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார். அந்த ஒரு சொல்லை நான் மறக்கவில்லை. பத்து நிமிட நடைத் தூரத்தில் ஒருவன் தாயின் உயிரைப் பற்றி அறியாமல் கோப்பை கழுவிக்கொண்டிருக்க, அதற்கான விடையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் ஓவியம் பார்த்திருக்கிறேன். பயணியின் சுயநலம் என்று ஒன்று உண்டு. புதிய நகரத்தில் கால் வைத்ததும் உலகில் உள்ள வேறெவருக்கும் நேரம் ஓடுவதில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

அந்த இரவே தெருமுனைத் தொலைபேசிக் கூண்டில் ஐந்து பிராங் நாணயங்களாகப் போட்டுப் போட்டு மாமனைப் பிடித்தான். கொழும்பில் அப்போது காலை. நானும் பக்கத்தில் நின்றேன். பையிலிருந்த நாணயங்களை எல்லாம் கொடுத்தேன். அன்று என்னால் முடிந்தது அதுதான்.

மறுநாள் திங்கட்கிழமை. அவன் வேலை செய்த உணவகத்துக்கு விடுமுறை. நான் லூவ்ர் அரும்பொருளகத்துக்குப் போவதாக இருந்தேன். போக மனமில்லை என்றேன். "நான் ரெண்டு வருசமா இஞ்ச இருக்கிறன் அண்ணை, ஒருக்காலும் போகேல்லை. வாங்கோ, போவம்" என்று அவன்தான் கூட்டிக்கொண்டு போனான்.

அவனுடன் நடந்தபோது எனக்குத் தெரிந்த பாரிஸ் வேறாகிவிட்டது. எந்த மெற்றோ நிலையத்தில் ரயில் மாறுவது கிட்டடி என்று என் வழிகாட்டி நூல் சொன்னது. எந்த நிலையத்தில் பொலிசார் நின்று கறுத்த முகங்களை மறித்துக் கடதாசி கேட்பார்கள் என்று அவன் சொன்னான். சத்தலே நிலையத்தைத் தவிர்ப்பதற்காக இரண்டு தரிப்புகள் முன்னதாகவே இறங்கி நடந்தோம். அவனிடம் இருந்தது மூன்று மாதத்துக்கொரு முறை புதுப்பிக்கும் தற்காலிகக் கடதாசி. அகதிக் கோரிக்கைக்கு முடிவு வரவில்லை.

லூவ்ர் முற்றம் முழுவதும் கிண்டிப்போட்டுக் கிடந்தது. சீன அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஐ.எம். பேயின் கண்ணாடிப் பிரமிட் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது; 1989 இல்தான் திறந்தார்கள். மோனலிசாவின் முன் வழக்கமான கூட்டம். எட்டிப் பார்த்தோம், வந்தோம். அவன் நெடுநேரம் நின்றது வேறோர் ஓவியத்தின் முன்பு. ஜெரிக்கோ வரைந்த 'மெடூசாவின் மிதவை'. ஏழு மீற்றர் அகலமான பெரிய ஓவியம். 1816 இல் மெடூசா என்ற பிரெஞ்சுக் கப்பல் ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் தரைதட்டியது. படகுகளில் இடம் கிடைக்காத நூற்றைம்பது பேரளவில் ஒரு மரத் தெப்பத்தில் ஏற்றிவிடப்பட்டார்கள். பதின்மூன்று நாட்களுக்குப் பின் கண்டெடுக்கப்பட்டபோது பதினைந்து பேர்தான் உயிருடன் இருந்தார்கள். இதை நான் நூலைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"போன வருசம் கனடாவில எங்கட ஆக்களையும் இப்பிடித்தான் கண்டவை" என்றான்.

1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களைக் கனடிய மீனவர்கள் கண்டெடுத்த செய்தியைச் சொன்னான். ஜேர்மனியிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோய் நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள். அந்தப் படகில் இருந்த ஒருவர் அவனுடன் மேற்கு பேர்லினில் ஒரே அறையில் இருந்தவராம்.

வெளியே வந்து, தோண்டிப் போட்ட மண்மேட்டின் முன் இருவரும் படம் எடுத்துக்கொண்டோம். தாயாருக்கு அனுப்புவதற்காக என்று தலையை நனைத்து வாரிக்கொண்டு நின்றான். அன்றிரவு லியோன் ரயில் நிலையம்வரை வந்து என்னை ரோமுக்கு அனுப்பிவைத்தான். போகிற வழிக்கென்று என் பொதியிலிருந்தே நான்கு வடையை எடுத்துத் தந்தான்.

இத்தாலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லையில் நள்ளிரவில் பெட்டியில் இருந்த ஆறு பேரில் என்னை மட்டும் எழுப்பி, விசா முத்திரையை விளக்கில் பிடித்துப் பார்த்தார்கள். ரோமில் சிஸ்டைன் தேவாலயக் கூரையோவியத்தின் ஒரு பகுதியைச் சாரம் மறைத்திருந்தது. துப்புரவு செய்த பகுதியின் நிறங்கள் கண்ணைப் பறித்தன, செய்யாத பகுதி புகைபிடித்த அடுப்படிச் சுவர்போல் இருந்தது. பாந்தியன் கோயிலின் கூரைத் துவாரத்தின் கீழ் ஒரு மழையில் நின்றேன். அன்று நுழைவு இலவசம். 2023 யூலையில் ஐந்து யூரோக் கட்டணம் கொண்டுவந்தார்கள். புளோரன்ஸ் பேராலயக் குவிமாடத்தில் 463 படிகள். வெனிசில் ரயில் நிலையப் படிக்கட்டில் முதுகுப்பையைத் தலைக்கு வைத்து, நூறு மாணவர்களோடு படுத்திருந்தேன். அந்த நகரத்துக்குள் வந்துபோவதற்கே இப்போது சில நாட்களில் கட்டணம் அறவிடுகிறார்கள்; 2024 இல் தொடங்கியது. எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு நகரத்திலும் முதலில் தேடியது தபாலகத்தைத்தான்.

வியன்னாவில் நான் போனது புரூகல் என்ற பதினாறாம் நூற்றாண்டு ஓவியரைப் பார்க்க. கலை வரலாற்று அரும்பொருளகத்தில் அவருடைய பன்னிரண்டு ஓவியங்கள் இருக்கின்றன. உலகில் வேறெங்கும் இத்தனை இல்லை. 'குடியானவர் கலியாணம்' என்றொரு படம். களஞ்சிய அறையொன்றில் பந்தி நடக்கிறது. கழற்றிய கதவொன்றைத் தட்டாக்கி, அதில் உணவுத் தட்டுகளை அடுக்கி இருவர் தூக்கி வருகிறார்கள். கீழே குழந்தையொன்று சம்மணமிட்டிருந்து தட்டை வழித்து விரலை நக்குகிறது. ஊதுகுழல்காரன் வாசிப்பதை மறந்து சாப்பாட்டையே பார்க்கிறான். எங்களூர்க் கலியாண வீட்டுப் பந்தியில் நாதஸ்வரக்காரர் சமையற் கொட்டிலைத் திரும்பிப் பார்ப்பது இப்படித்தான் இருக்கும். தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள், யூலை 31, ரயில் நிலையப் பத்திரிகைக் கடையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது கடற்படைச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ராஜீவ் காந்தியின் தோளில் அடிக்க ஓங்கும் படம். அதற்கு முந்திய நாள், 29 ஆம் திகதி, இலங்கை இந்திய ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. என் தொழிலில் ஓராண்டுக் காலத்தின் மிகப் பெரிய செய்தி. என் சக ஆசிரியர்கள் உறங்காமல் பக்கம் கட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். நான் தோளில் பையுடன், கையில் பாணுடன், நடைமேடையில் நின்று ஜேர்மன் மொழித் தலைப்பை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பத்திரிகையொன்றைப் பகல் உணவுக் காசில் வாங்கினேன். தடுத்து வைக்கப்பட்டிருப்போர் விடுவிக்கப்படுவார்கள் என்ற வரியைக் கண்டதும் ஓடிப்போய் ஒரு தபாலட்டையில் அதை மட்டும் எழுதி, லா சப்பல் விலாசத்துக்குப் போட்டேன். அவனுக்கு அது எப்படியும் தெரிந்திருக்கும். இருந்தாலும் போட்டேன்.

பேர்லின்தான் கடைசி. நகரம் தன் 750 ஆவது ஆண்டை அந்த வருடம் கொண்டாடியது. மதிலுக்கு இரு புறமும் போட்டி போட்டுக்கொண்டு இரண்டு விழாக்கள். மேற்கில் பாதி இடிந்த கைசர் வில்ஹெல்ம் தேவாலயத்தைக் குண்டு விழுந்த கோலத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். மதிலருகே மரத்தாலான பார்வை மேடைகள். உல்லாசப் பயணிகள் வரிசையாக ஏறி, மறுபுறத்தில் இருந்த வெறுமையைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். நானும் ஏறினேன், இறங்கினேன்.

கிழக்குக்குப் போவதற்கு ஒருநாள் விசா ஐந்து மார்க். அதற்கு மேல் இருபத்தைந்து மேற்கு மார்க்கைக் கட்டாயம் கிழக்கு மார்க்காக மாற்ற வேண்டும். மிஞ்சியதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. நள்ளிரவுக்கு முன் வெளியேறிவிட வேண்டும். என் ஒருநாட் செலவுக் காசு அதில் போயிற்று. பெர்கமோன் அரும்பொருளகத்தில் பாபிலோனின் நீல நிற இஷ்தார் வாயிலுக்குக் கீழாக நடந்தேன். அங்கிருந்த பெர்கமோன் பலிபீடம் துருக்கியில் தோண்டியெடுக்கப்பட்டு, பேர்லினுக்கு வந்து, 1945 இல் சோவியத் படைகளால் கொண்டுசெல்லப்பட்டு, ஐம்பதுகளின் இறுதியில் திரும்பி வந்தது. கல்லுக்கு இத்தனை எல்லைகள் கடக்கக் கிடைத்திருக்கிறது. திருத்த வேலைக்காக 2023 ஒக்ரோபரில் அந்த அரும்பொருளகத்தை முற்றாக மூடியிருக்கிறார்கள். மகளே, போவதற்கு முன் திறந்துவிட்டார்களா என்று விசாரித்துக்கொள்.

ஆனால் நான் கிழக்குக்குப் போனது பிரீட்ரிஷ் வீதி ரயில் நிலையத்தைப் பார்ப்பதற்காக என்று சொன்னால்தான் உண்மையாகும். லூவ்ரிலிருந்து திரும்பும் வழியில் பாரிஸ் தம்பி தன் பயணத்தைச் சொல்லியிருந்தான். 1985 பெப்ரவரியில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையம். அங்கிருந்து பிரீட்ரிஷ் வீதி நிலையம். மேற்கு நோக்கிப் போகும் ரயிலில் ஏறி இறங்கினால் மேற்கு பேர்லின். மேற்குப் பகுதியினர் அந்த எல்லையில் கடவுச்சீட்டுப் பார்ப்பதில்லை. பார்த்தால் அதைச் சர்வதேச எல்லையாக ஏற்றுக்கொண்டதாகிவிடும். வல்லரசுகளின் அந்தச் சட்டச் சிக்கலில் இருந்த இடைவெளியால்தான் ஆயிரக்கணக்கான எங்கள் பிள்ளைகள் நுழைந்தார்கள். 1985 நடுப்பகுதியில் கிழக்கு ஜேர்மனி எங்களவருக்கு அந்த வழியை மூடியது. இவன் அதற்குச் சில மாதங்கள் முந்தியவன்.

"கன்வஸ் சப்பாத்தோட வந்தனான் அண்ணை. வெளியால முழுக்கப் பனி. எது மேற்கு எண்டு எனக்கெங்க தெரியும்? விளம்பரப் பலகை தெரியத் தொடங்கினாப் பிறகு இறங்கு எண்டு சொல்லிவிட்டவை" என்று சொல்லியிருந்தான்.

மாலையில், வெளியேறுவோரைச் சோதிக்கும் கண்ணாடி மண்டபத்தின் வரிசையில் நின்றேன். 'கண்ணீர் மாளிகை' என்று பேர்லின்காரர் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அது 2011 முதல் அரும்பொருளகம், நுழைவு இலவசம். முன்னால் ஒரு மூதாட்டி உறவினரின் கையை விடாமல் நின்றாள். சோதனை முடிந்து மேலே ஏறி மேற்கு ரயிலில் அமர்ந்தேன். ரயில் மதிலையும் தண்ணீரையும் கடந்தது. முதலாவது நிலையம் வந்தது. இறங்கவில்லை, யன்னலோரம் இருந்து தேடினேன். மேடையின் சுவரில் சிகரெட் விளம்பரம் ஒன்று இருந்தது.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் லண்டன் அறைக்குத் திரும்பியபோது பாரிசிலிருந்து கடிதம் வந்து கிடந்தது. தம்பியை மாமன் பூசாவில் போய்ப் பார்த்துவிட்டாராம். ஓகஸ்ட் முதல் வாரத்தில் விட்டுவிட்டார்களாம். உள்ளே, மண்மேட்டின் முன் இருவரும் நிற்கும் படத்தின் ஒரு பிரதி.

அந்தப் படம் இப்போது என் மேசையில் இருக்கிறது. என்னிடம் பட்டியல் கேட்டவள் அவனுடைய இளைய மகள். அவளுக்குப் பட்டியலை எழுதி அனுப்பிவிட்டேன்: ஓர்சே அவளுக்கு வீட்டு முற்றம், ஆகவே விட்டுவிட்டேன், வியன்னாவில் புரூகல், புளோரன்சில் குவிமாடம், பேர்லினில் பிரீட்ரிஷ் வீதி நிலையமும் கண்ணீர் மாளிகையும். வெனிசில் படிக்கட்டில் படுக்க இப்போது விடமாட்டார்கள் என்றும் எழுதினேன்.

அன்றிரவே தகப்பன் தொலைபேசி எடுத்தான். லா சப்பலில் இப்போது அவனுக்குச் சொந்தமாக ஒரு பலசரக்குக் கடை. பின்னணியில் மகள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"உங்கட லிஸ்ற் பாத்தனான் அண்ணை. எல்லாம் சரி. ஒண்டை விட்டிட்டியள்" என்றான். "ஒவ்வொரு ஊரிலயும் இறங்கின உடனை முதல் எனக்கு ஒரு மெசேஜ் போட்டிட்டு, அதுக்குப் பிறகு என்னத்தையும் போய்ப் பாக்கச் சொல்லுங்கோ. நான் சொன்னாக் கேக்கிறாள் இல்லை."